அக்கா மறுபடியும் கல்லூரிக்குப் போகிறாள்

அமெரிக்காவில் ஓக்லாந்தில் இருக்கும் அக்கா 52 வயதில் கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்திருக்கிறாள். ஹியூமன் சர்வீசஸ், அதாவது உதவி தேவைப்படுகிறவர்களுக்குக் கைகொடுக்கும் வேலைக்கான இரண்டு வருடப் படிப்பு. வீடற்றோர் காப்பகத்தில் களப்பயிற்சியும் உண்டு. முதல் நாள் ஒரு பாட்டிக்கு உணவு உதவி விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தாளாம். 'முகவரி' என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது என்றாள்.

எத்னிக் ஸ்டடீஸ் என்று, சிறுபான்மை இனங்களின் வரலாறு, பண்பாடு பற்றிய பாடமும் எடுத்திருக்கிறாள். அதுவும் சும்மா வந்ததில்லை. கறுப்பின, லத்தீன், ஆசிய, பூர்வகுடி மாணவர்கள் தங்கள் வரலாற்றையும் பாடமாக வைக்கச் சொல்லி, 1968 நவம்பர் முதல் 1969 மார்ச் வரை சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் வகுப்புகளைப் புறக்கணித்துப் போராடினார்கள். போலீஸ் அடி, கைது எல்லாம் தாங்கித்தான் அந்தத் துறையை வாங்கினார்கள்.

வெள்ளிக்கிழமை அக்காவுக்கு முதல் தேர்வு. இந்தப் பாடங்களைப் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அவளிடம் பேச வைக்கிறேன்.