வெள்ளை எங்கே நிற்கிறது

ஏப்ரல் 3, வியாழன்

பூல் கோப்பை அரையிறுதியில் 5-3 என்று ஜெயித்துவிட்டோம். வீடு வந்து சேரும்போது மணி பன்னிரண்டு, தூக்கம் வரவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இறுதி ஆட்டம் 24-ஆம் தேதி. கோப்பை இறுதிக்கு எங்கள் பப் போய்ப் பதினோரு வருடம் ஆகிறதாம். எனக்கு இது மூன்றாவது சீசன்தான்.

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் இருப்பது இங்கிலாந்தில், ஸ்டோக்-ஆன்-ட்ரெண்டில், பர்ஸ்லெம் பக்கம். பீங்கான் ஊர். இங்கே பப்களில் ஆடும் பூல், அமெரிக்கப் படங்களில் கோடு போட்ட பந்துகளை வைத்து ஆடுவார்களே, அது இல்லை. மேஜை சின்னது, ஏழடி நீளம், மூன்றரையடி அகலம். சிவப்பு ஏழு, மஞ்சள் ஏழு, ஒரு கறுப்பு. க்யூ என்ற கோலால் வெள்ளைப் பந்தை அடித்து, அது தட்டி மற்றவை பாக்கெட்டில் விழ வேண்டும். உன் நிறத்தை எல்லாம் போட்டுவிட்டுக் கடைசியில் கறுப்பைப் போட வேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். எங்கள் கோப்பையில் ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர், முதலில் ஐந்து எடுப்பவர்களுக்கு ஜெயம்.

இன்றைக்கு ஐந்தாவது புள்ளியை எடுத்தது எங்கள் பெரியவர். வயது அறுபத்தொன்பது. சேட்டர்லி விட்ஃபீல்ட் சுரங்கத்தில் பதினாறு வயதில் சேர்ந்தவர், 1977-ல் அங்கே நிலக்கரி எடுப்பது நின்றபோது வெளியே வந்தவர். வேகமாக அடித்து நான் பார்த்ததே இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

லீக் ஆட்டம், தோற்றோம். யாருக்கும் மனசு அதில் இல்லை. 24-ஆம் தேதி எனக்கு இரவு ஷிஃப்ட் விழுந்திருக்கிறது, வார்டில் யாரிடமாவது மாற்றிக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 12, சனி

மதியம் மூன்று மணி நேரம் பெரியவரோடு பயிற்சி. பப்பில் ஆள் இல்லை. ஆட்டத்துக்கு ஒரு பவுண்ட் போடும் மேஜை, அதனால் விழுந்த பந்து திரும்பி வராது. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருக்கிறார், பாரில் கிடக்கும் துண்டுகளை ஆறு பாக்கெட்டிலும் திணித்துவிடுகிறார், பந்து வாயிலேயே நின்றுவிடும், எடுத்து மறுபடி வைத்துக்கொள்ளலாம்.

நான் வண்ணாரப்பேட்டையில் கேரம் ஆடி வளர்ந்தவன். இரண்டு முறை உலகச் சாம்பியனான மரிய இருதயம் சென்னைக்காரர், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா எங்கள் பக்கத்துப் பெண், அந்த ஊரில் கேரம் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அதனால் கோணம் எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது, எவ்வளவு மெல்லிய வெட்டாக இருந்தாலும் பந்து உள்ளே போய்விடும். முதல் சீசனில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். ஆனாலும் பாதிக்கு மேல் தோற்றேன், ஏன் என்று எனக்கே வெகுநாள் புரியவில்லை.

காரணம் இதுதான். கேரத்தில் காயைப் போட்டதும் ஸ்ட்ரைக்கர் உன் கைக்கு வந்துவிடும், கோட்டில் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். ஸ்ட்ரைக்கர் எங்கே போய் நிற்கிறது என்பதைப் பற்றிக் கவலையே கிடையாது, குழியில் விழாமல் இருந்தால் போதும். இங்கே வெள்ளைப் பந்து எங்கே நிற்கிறதோ அங்கிருந்துதான் அடுத்த அடி. ஒரு பந்தைப் போடுவது பெரிய விஷயமே இல்லை, போட்ட பிறகு வெள்ளை எங்கே என்பதுதான் ஆட்டம்.

எடை வேறு. ஸ்ட்ரைக்கர் 15 கிராம் வரை இருக்கும், காய் ஐந்து ஐந்தரை கிராம், அதனால் அது எதையும் தள்ளிக்கொண்டு போகும். பப் பூலில் நேர் தலைகீழ். மற்ற பந்துகள் இரண்டு அங்குலம், வெள்ளை மட்டும் ஒன்றே முக்கால் அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரிது. காசு போடும் மேஜையில் வெள்ளை விழுந்தால் அளவை வைத்துத்தான் மேஜை அதைத் தனியே பிரித்துத் திருப்பித் தருகிறது, அதற்காகத்தான் சின்னதாகச் செய்திருக்கிறார்கள். எடையும் ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. பின்னால் இழுப்பது சுலபம், முன்னால் ஓட வைப்பது கஷ்டம். என் கைக்குப் பழகிய எல்லாவற்றுக்கும் எதிர்.

பெரியவர் இதையெல்லாம் விளக்கிச் சொல்பவர் இல்லை. மேஜை விளிம்பில் சாக் கட்டியை வைத்துவிட்டு, "வெள்ளை இதுக்குப் பக்கத்தில வந்து நிக்கணும், டக்" என்பார். டக் என்றால் வாத்து என்று அர்த்தம் பார்க்கக் கூடாது, நாம் 'கண்ணு' என்கிறோமே, அந்த மாதிரி. இங்கே ஆண்களும் ஆண்களை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இளகிவிடும்.

ஏப்ரல் 14, திங்கள்

தமிழ்ப் புத்தாண்டு. காலையில் மாங்காய்ப் பச்சடி, வேப்பம்பூ ஊரிலிருந்து அம்மா உலர்த்திக் கொடுத்தது. சாயங்காலம் சொந்த மேஜையில் லீக் ஆட்டம், 6-3.

ஆட்டம் முடிந்ததும் விருந்தாளி டீமுக்குச் சாப்பாடு போடுவது வழக்கம். இன்றைக்கு ஓட்கேக். ஓட்ஸ் மாவையும் கோதுமை மாவையும் கரைத்து, ஈஸ்ட் போட்டுப் பொங்க வைத்து, கல்லில் வட்டமாக ஊற்றி எடுப்பார்கள், உள்ளே சீஸும் பன்றி இறைச்சியும். கோதுமை தோசைக்குச் சொந்தக்காரன் போலவே இருக்கும். எங்கள் டீமின் பெண் கேப்டன் (பகலில் பீங்கான் தொழிற்சாலையில் கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டும் வேலை, முப்பது வருடமாக) எனக்கு மட்டும் பன்றி இல்லாமல் சீஸும் காளானும் வைத்துத் தனியாக மடித்து வைத்திருந்தார். நான் சொல்லி மூன்று வருடம் ஆகிறது, ஒரு தடவைகூட மறந்ததில்லை.

ஷிஃப்ட் மாற்றியாகிவிட்டது. பதிலுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போகிறது. போகட்டும்.

ஏப்ரல் 19, சனி

ஷெஃபீல்டில் உலக ஸ்னூக்கர் தொடங்கிவிட்டது, பப் டிவியில் காலையிலிருந்து அதுதான். பெரியவர் ரே ரியர்டனைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். 1970-களில் ஆறு முறை உலகச் சாம்பியன், அதற்கு முன்னால் சுரங்கத் தொழிலாளி, பிறகு இதே ஸ்டோக்கில் போலீஸ்காரர். 2024 ஜூலையில் காலமானார். பேசும்போது பெரியவர் அவரைத் தன் தெருக்காரர் மாதிரிதான் சொல்கிறார்.

ஏப்ரல் 23, புதன்

நாளைக்கு லாங்டனில் ஒரு கிளப்பில் ஆட்டம், இரண்டு டீமுக்கும் பொதுவான இடம். எனக்கு அதுதான் பயம். எங்கள் மேஜை எனக்குத் தெரியும். இடப்பக்க நடுப் பாக்கெட் பந்தை லேசில் வாங்காது, தூண் பக்கம் போனால் குட்டை க்யூ எடுக்க வேண்டும், கறுப்பை வைக்கும் பக்கத்துத் துணி தேய்ந்து மொழுமொழுவென்று இருக்கும். கிளப் மேஜைக்குப் போன வாரம்தான் புதுத்துணி போட்டிருக்கிறார்களாம். புதுத்துணியில் ரோமம் நிமிர்ந்து நிற்கும், மெதுவாக உருளும் பந்து அது படிந்திருக்கும் திசைக்கு இழுபடும். மெதுவாக உருட்டுவதுதான் நான் இத்தனை நாள் கற்றுக்கொண்டது.

ஏப்ரல் 24, வியாழன், நள்ளிரவு தாண்டி

தோற்றுவிட்டோம். 4-5.

முழுவதையும் எழுதிவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கு வேறு மாதிரி நினைவிருக்கும். கேப்டன் முதல் ஆள், ஜெயித்தார். இரண்டாவது போனது. மூன்றாவது நான். ஆறு மஞ்சளை ஒரே மூச்சில் போட்டேன், ஏழாவதையும் போட்டுவிட்டு வெள்ளையைக் கறுப்புக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தினேன், அவ்வளவு அழகாக நான் எப்போதும் ஆடியதில்லை. கறுப்பு மூலைப் பாக்கெட்டின் வாயில். மெதுவாகத் தட்டினால் போதும், நான் கொஞ்சம் உறுதியாக அடித்தேன், கறுப்பு விழுந்தது, வெள்ளையும் அதன் பின்னாலேயே விழுந்தது. கறுப்போடு வெள்ளை விழுந்தால் ஆட்டம் எதிராளிக்கு. அந்த அறையில் யாரும் சத்தம் போடவில்லை, எதிர் டீம்கூட. அந்த மரியாதையை நான் மறக்க மாட்டேன்.

கேப்டன் பக்கத்தில் வந்து தோளைத் தட்டி, "இரட்டையரில் கடைசி நீயும் பெரியவரும்தான், மாத்த மாட்டேன்" என்றார். ஒற்றையர் முடிவில் 3-3. முதல் இரட்டையர் எங்களுக்கு, இரண்டாவது அவர்களுக்கு. 4-4. அப்புறம் நாங்கள்.

ஒரு முறை அவர், அடுத்த முறை நான் என்று மாறி மாறி ஆட வேண்டும். எங்களுக்கு மஞ்சள் ஒன்று, கறுப்பு. அவர்களுக்குச் சிவப்பு இரண்டு. என் முறை. மஞ்சள் பந்து மேஜை ஓரத்து ரப்பர் குஷனோடு ஒட்டிக்கொண்டிருந்தது, விழ வழியில்லை. மூன்று வருடத்துக்கு முன்னால் இருந்த நான் எப்படியாவது வெட்டிப் பார்த்திருப்பேன். துணி எந்தப் பக்கம் இழுக்கிறது என்று அதற்குள் தெரிந்திருந்தது. மஞ்சளை லேசாகத் தொட்டுவிட்டு வெள்ளையை மேஜையின் மறுபக்கம் உருட்டினேன். அது போய்க்கொண்டே இருந்தது, நின்றுவிடுமோ, தாண்டிவிடுமோ என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், கடைசியில் கறுப்புக்குப் பின்னால் போய் நின்றது. இரண்டு சிவப்பும் மறைந்துவிட்டன. அவர்கள் அடிக்கும் வெள்ளை சிவப்பில் படாவிட்டால் ஃபவுல், எங்களுக்கு இரண்டு முறை, பெரியவருக்கு அது போதும்.

எதிரே ஆட வந்தது இருபது வயதுப் பெண். குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மேஜையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள், எதிர்ப்பக்க குஷனில் விரலை வைத்து அளந்தாள். இரண்டு குஷன் தட்டி வெள்ளை வந்து சிவப்பில் பட்டது, சிவப்பு நடுப் பாக்கெட்டில் விழுந்தது. அடுத்த சிவப்பு. கறுப்பு. ஆட்டம் முடிந்தது.

பெரியவர்தான் முதலில் எழுந்துபோய் அவளுக்குக் கை கொடுத்தார். திரும்பி வந்து என்னிடம், "வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவில எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார். ஒரு விரல் என்றேன். தலையை ஆட்டினார்.

வரும் வழியில் காரில் யாரும் பேசவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

இன்றைக்கு லீக் ஆட்டம், 5-4 ஜெயித்தோம். எல்லோரும் போன பிறகு பெரியவர் ஒரு பவுண்ட் போட்டார், துண்டுகளைத் திணித்தார், வியாழக்கிழமை நின்ற மாதிரியே பந்துகளை வைத்தார். எனக்கு மஞ்சள் எங்கே இருந்தது என்று தெரிந்தது, இரண்டாவது சிவப்பு அவருக்குத் தெரிந்தது, கறுப்பைக் கேப்டன் பாருக்குப் பின்னாலிருந்து வந்து இரண்டு அங்குலம் நகர்த்தி வைத்தார். அந்தப் பெண் அடித்ததை நாங்களும் அடித்துப் பார்த்தோம். நான் பத்தில் இரண்டு தடவை சிவப்பைத் தொட்டேன், பெரியவர் நான்கு. ஒன்றுகூட நடுப் பாக்கெட் பக்கம் போகவில்லை. முதல் குஷனில் அவள் விரல் வைத்த இடம் நாங்கள் நினைத்ததைவிட வலப்பக்கம் இருந்திருக்க வேண்டும் என்கிறார். சனிக்கிழமை மதியம் வரச் சொல்லியிருக்கிறார்.