குடிக்காத பெண்களின் சாட்சி

அளவாகக் குடித்தால் உடம்புக்கு நல்லது என்ற பேச்சு வெறும் சாக்கு அல்ல. பல ஆய்வுகளின் வரைபடமே அப்படித்தான் இருந்தது. குடியே இல்லாதவர்களைவிடக் கொஞ்சமாகக் குடிப்பவர்களுக்குப் பக்கவாதம் குறைவு, நிறையக் குடித்தால் மறுபடி அதிகம்; வளைவு கிண்ணம் போல இருக்கும். ஆனால் 'குடிக்காதவர்' கட்டத்துக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். உடம்பு கெட்டு, டாக்டர் சொல்லிக் குடியை விட்டவரும் அங்கேதான் இருக்கிறார்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் வழிக்கு மெண்டலியன் ரேண்டமைசேஷன் என்று பெயர். எந்த மரபணு வடிவம் நமக்கு வரும் என்பது கருவாகும்போதே சீட்டுக் குலுக்கியதுபோல முடிந்துவிடுகிறது. பின்னால் வரும் நோயோ வருமானமோ அதை மாற்றாது. அதனால் குடியைக் கூட்டும், குறைக்கும் மரபணு வடிவத்தை வைத்து ஆட்களைப் பிரித்து நோயை ஒப்பிடலாம்.

கிழக்கு ஆசியாவில் இதற்கென்றே வாய்த்தது ஏஎல்டிஎச்2 மரபணுவின் ஆர்எஸ்671 மாறுபாடு. அது இருப்பவர் குடித்தால், மது உடைந்து உண்டாகும் அசிட்டால்டிஹைடு என்ற நச்சு தேங்கி முகம் சிவக்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். அதனால் அவர் குடிப்பதே குறைவு. சீனாவின் கடூரி பயோபேங்க் ஆய்வு இதையும் ஏடிஎச்1பி மரபணுவின் மாறுபாட்டையும் சுமார் 1,60,000 பேரிடம் பார்த்து, 2019இல் 'லான்செட்' இதழில் முடிவை வெளியிட்டது. மரபணுவையும் வட்டாரத்தையும் வைத்து ஆண்களைப் பிரித்தபோது சராசரிக் குடி வாரத்துக்கு ஆல்கஹால் அளவில் 4 கிராமிலிருந்து 256 கிராம் வரை விரிந்தது. ஒப்பீடு மட்டும் அந்தந்த வட்டாரத்துக்குள்ளேயே நடந்தது. இல்லாவிட்டால் ஊருக்கு ஊர் மாறும் உணவும் வசதியும் மரபணுவின் கணக்கில் ஏறிவிடும்.

கிண்ணம் போன்ற அந்த வளைவு காணாமல் போனது. வாரத்துக்கு 280 கிராம் கூடினால் அடைப்பால் வரும் பக்கவாதம் 27%, மூளைக்குள் ரத்தக்கசிவு 58% அதிகம். மாரடைப்பில் தெளிவான தொடர்பு எதுவும் தெரியவில்லை.

என் கணக்கில் ஆய்வின் உயிர் பெண்களிடம் இருக்கிறது. அவர்களுக்கும் அதே மரபணுதான். ஆனால் அங்கே பெண்கள் அநேகமாகக் குடிப்பதில்லை. மரபணு வேறு வழியாக மூளையைத் தொட்டிருந்தால் பெண்களிடமும் தெரிந்திருக்கும். தெரியவில்லை. அந்த வேறு வழியைப் புள்ளியியலால் சரிகட்டப் பார்க்கும் எம்ஆர்-எக்கர் போன்ற கணக்குகளைவிட இப்படி ஒரு கூட்டம் கிடைப்பது பெரிது. அது கிடைக்காத ஆய்வுகளே அதிகம் என்பது வேறு விஷயம்.

கணக்கு எளிது: மரபணுவுக்கு நோயின் மீதுள்ள விளைவை, குடி, கொழுப்பு போன்ற காரணியின் மீதுள்ள விளைவால் வகுக்க வேண்டும். ஒரு மாறுபாடு கொழுப்பை 0.1 அலகு கூட்டி, நோயின் லாக் ஆட்ஸை (நோய் வரும், வராத வாய்ப்புகளின் விகிதமான ஆட்ஸின் மடக்கையை) 0.05 கூட்டினால் விடை 0.5, அதாவது ஓர் அலகு கொழுப்புக்கு ஆட்ஸ் ஏறக்குறைய 1.65 மடங்கு.

தவறு நேர்வது பெரும்பாலும் அதற்கு முன்பே. மரபணு காரணியை எவ்வளவு பலமாக அசைக்கிறது என்று காட்டும் எஃப் மதிப்பு 10க்குக் கீழே இருந்தால் கருவி, அதாவது அந்த மரபணு மாறுபாடு, பலவீனம்: காரணி, நோய் ஆகிய இரண்டு தரவுகளும் தனித்தனி ஆட்களுடையவை என்றால் விடை பூஜ்யத்தை நோக்கிச் சரியும், ஒரே ஆட்கள் என்றால் எந்தக் குழப்பத்திலிருந்து தப்பப் பார்த்தோமோ அதையே நோக்கிச் சாயும். இரண்டு தரவுகளிலும் விளைவு ஒரே அல்லீலுக்குத்தானா (மரபணுவின் ஒரே வடிவத்துக்குத்தானா) என்று பார்க்காவிட்டால் குறி தலைகீழாகும். வடிவங்கள் ஏ/டி, சி/ஜி என்ற டிஎன்ஏ எழுத்து ஜோடிகளாக இருந்தால், டிஎன்ஏவின் இரண்டு இழைகளில் எதைப் படித்தார்கள் என்று எழுத்தை வைத்துச் சொல்ல முடியாது. மக்களிடம் அந்த அல்லீலின் பங்கு 50% பக்கம் இருந்தால் அவற்றைக் கழித்துவிடுவதே மேல்.

விடை வந்தபிறகும் ஒன்று உண்டு. மரபணு பிறந்ததிலிருந்து வேலை செய்வது, கொழுப்பைக் குறைக்கும் மாத்திரை போன்றவை ஐம்பது வயதில் தொடங்குவது. மரபணு காட்டும் பலனை அப்படியே மாத்திரையின் மேல் ஒட்டினால் எதிர்பார்ப்பு பெரும்பாலும் ஊதிப்போகும்.