தூதரகத்தில் இன்ஸ்பெக்‌ஷன்: எங்கே கை வைப்பார்கள்?

தூதரகம் என்றதும் கொடி, விருந்து, கைகுலுக்கல் என்றுதான் நினைப்பு ஓடும். உள்ளே போனால் அதுவும் ஒரு தாலுகா ஆபீஸ்தான். கேஷியர், ஸ்டோர், டிரைவர்கள், வாடகை வீடுகள், ஜெனரேட்டருக்கு டீசல் எல்லாம் உண்டு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் தணிக்கைப் பிரிவான இன்ஸ்பெக்டர் ஜெனரல் அலுவலகம் ஒரு தூதரகத்தைச் சோதிக்கப் போனால் குறைகள் கொத்தாகச் சிக்குவது இந்தப் பக்கத்தில்தான்.

1980-ஆம் ஆண்டு வெளியுறவுப் பணிச் சட்டத்தின் 209-ஆம் பிரிவு, ஐந்தாண்டுக்கு ஒருமுறையாவது ஒவ்வொரு தூதரகத்தையும் ஆய்வு செய்யச் சொல்கிறது. உலகம் முழுக்க 270-ஐ ஒட்டி அலுவலகங்களை வைத்துக்கொண்டு அது நடக்கிற காரியமில்லை. அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸே அந்தக் கெடுவைத் தளர்த்திக் கொடுத்திருக்கிறது. அதனால் சிக்கல் தெரிகிற இடம், பணம் அதிகம் புழங்குகிற இடம் என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம்ம ஜெமினி மேம்பாலத்தை ஒட்டியுள்ள துணைத் தூதரகமும் இதே விதிகளுக்கு உட்பட்டதுதான்.

குழுவுக்குப் பெரும்பாலும் தூதராக இருந்த ஒருவரே தலைமை. விமானம் ஏறுவதற்கு முன்பே வாஷிங்டனில் பாதி வேலை முடிந்துவிடும். பழைய அறிக்கைகள், பட்ஜெட், பணமும் சாமானும் முறைப்படி கண்காணிக்கப்படுகின்றன என்று தூதர் ஆண்டுதோறும் கையெழுத்திட்டு அனுப்பும் உறுதிமொழி எல்லாவற்றையும் படித்துவிடுவார்கள். ஊழியர்களுக்குக் கேள்வித்தாள் போகும், பதில்கள் ரகசியம். பிறகு நேரில் வந்து ஒவ்வொருவரையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவார்கள். தூதருக்கும் அவருக்கு அடுத்த இடத்திலிருக்கும் துணைத்தலைவருக்கும் ஆகாது என்பதெல்லாம் இந்தத் தனிப்பேச்சில்தான் வெளியே வரும்.

தப்பு ஏன் நடக்கிறது? திருட்டுப்புத்தி என்பது அபூர்வம். அமெரிக்க அதிகாரிகள் இரண்டு மூன்று ஆண்டில் மாற்றலாகிப் போய்விடுகிறார்கள். உள்ளூர் ஊழியர்கள் இருபது வருஷமாக அதே நாற்காலியில். புதிதாக வருபவர் விதிப்புத்தகத்தைத் திறப்பதில்லை, “போன ஆபீசர் இப்படித்தான் செய்யச் சொன்னார்” என்பதே விதியாகிவிடுகிறது. கோப்பு பேசாத இடத்தில் ஆள் பேசுகிறார். அந்த ஆளும் ஓய்வு பெற்றுவிட்டால் கேட்க நாதியில்லை.

கேஷியர் பெட்டகத்தையே எடுத்துக்கொள்வோம். மாதம் ஒருமுறை முன்னறிவிப்பில்லாமல் அதை எண்ண வேண்டும். எண்ணுபவர் மேற்பார்வை அதிகாரி. கேஷியரும் கூடவே இருக்க வேண்டும். டாலர், உள்ளூர் நோட்டு, சில்லறை என்று பிரித்து எண்ணி, துணைக் கேஷியர்களிடம் இருக்கும் தொகைக்கான ரசீதுகள், பணம் கொடுத்தும் இன்னும் கணக்குக்கு வராத வவுச்சர்கள் இவற்றையும் சேர்த்துக் கூட்டினால், கேஷியர் பெயரில் உள்ள முன்பணத்தோடு ஒத்துப்போக வேண்டும். கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. ஆய்வாளர் முதலில் கேட்பது கடந்த பன்னிரண்டு மாதத்து எண்ணிக்கைத் தாள்களை. எல்லாமே மாதக் கடைசி வெள்ளிக்கிழமை என்றிருந்தால் அது என்ன திடீர்ச் சோதனை? தேதி தெரிந்த கேஷியர் அன்றைக்கு மட்டும் பெட்டகத்தை நிரப்பி வைக்கலாம். ஸ்டோருக்கு அவசரச் சாமான் வாங்கச் சிறுதொகை வைத்திருக்கும் துணைக் கேஷியரையோ யாரும் எட்டிப் பார்ப்பதேயில்லை.

கொள்முதலில் பார்ப்பது ஒன்றே ஒன்று: ஆர்டர் போட்டவர், சாமானை வாங்கி வைத்தவர், இருப்பில் ஏற்றியவர் மூவரும் வேறு வேறு ஆளா? சின்ன தூதரகங்களில் ஆள் பற்றாக்குறை. ஆர்டர் போட்டவரே கடைக்குப் போய்ப் பொருளை எடுத்து வந்து, தானே ரசீதில் கையெழுத்தும் போட்டுவிடுவார். அப்புறம் பத்து ஏசி வந்ததா, எட்டு வந்ததா என்பதற்கு அவர் வாய்ச்சொல்தான் சாட்சி.

காவல் ஒப்பந்தம், துப்புரவு ஒப்பந்தம் இவற்றின் பில்லுக்கு ஒப்புதல் தருபவர் அதற்கான பயிற்சிச் சான்றும் நியமனக் கடிதமும் பெற்றிருக்க வேண்டும். அந்தக் கடிதம் முன்பு இருந்தவர் பெயரிலேயே கிடக்கும். செலவுக்கென்று ஒதுக்கி, ஓராண்டுக்கு மேல் தொடாமல் விட்ட தொகைகளும் அறிக்கைக்கு அறிக்கை தலைகாட்டும். காலாவதியான நிதிக் கணக்கு ஐந்தாண்டில் மூடப்பட்டுவிடும் என்பதால், அசட்டையாக விட்ட பணம் யாருக்கும் உதவாமல் போகிறது.

வண்டிகளுக்கு டிரிப் ஷீட்டையும் பெட்ரோல் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். டிரைவருக்கு ஒரு நாளில் பத்து மணி நேரத்துக்கு மேல் பணி கூடாது. காலையில் விமான நிலையம், இரவில் விருந்து என்று அலைந்தவரின் ஓவர்டைம் தாளே தூதரகத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். வீடுகளில் குடிபுகுமுன் பாதுகாப்புச் சான்று உண்டா, நீச்சல் குளத்தைச் சுற்றி வேலி உண்டா என்பதில் துளியும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அது நியாயமும்கூட.

விசாப் பிரிவில், கொடுத்த விசாக்களில் குறைந்தது 10 சதவீதத்தையும் மறுத்தவற்றில் 20 சதவீதத்தையும் மேலதிகாரி மறுபடி பார்க்க வேண்டும். முந்நூறு கொடுத்து நூறு மறுத்த நாளில் முப்பதும் இருபதும். கூட்டம் குவியும் சீசனில் முதலில் அடிபடுவது இந்த மறுபார்வை. பாஸ்போர்ட்டில் ஒட்டும் விசாத்தாள்கள் எண்ணிட்டவை. கெட்டுப்போனதற்கும் கணக்கு எழுதித்தான் அழிக்க வேண்டும்.

இத்தனை சில்லறை விஷயங்களுக்கு நடுவே தலைமையும் தப்பாது. 2012-ல் நைரோபி தூதரக அறிக்கையைப் பார்த்தால், அப்போதைய தூதர் அரசு வேலைக்கே தனியார் மின்னஞ்சலைப் பயன்படுத்தலாம் என்று கொள்கை வகுத்ததும், துறையின் கட்டமைப்போடு சேராத லேப்டாப்பில் வேலை பார்க்க ஆபீஸ் குளியலறையில் தனி இணைய இணைப்பு போடச் சொன்னதும் பதிவாகியிருக்கும். அறிக்கை வெளியாகும் முன்பே அவர் ராஜினாமா செய்துவிட்டார். 2011-ல் வெளியான லக்சம்பர்க் அறிக்கை இன்னும் கடுமை. அங்கிருந்து தப்பித்தால் போதும் என்று காபூலுக்கும் பாக்தாத்துக்கும் போகவே ஊழியர்கள் முன்வந்தார்களாம்!

குறை ஒவ்வொன்றும் எண்ணிட்ட பரிந்துரையாக வரும். யார் செய்ய வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். பதிலில் “நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது” என்று எழுதினால் பரிந்துரை திறந்தபடியே நிற்கும். மூட வேண்டுமென்றால் ஆதாரம் வேண்டும்: நியமனக் கடிதத்தின் நகல், வேலி போட்ட குளத்தின் படம், வெவ்வேறு தேதியிட்ட எண்ணிக்கைத் தாள்கள். அடுத்து வரும் அதிகாரியும் எடுத்துப் பார்க்கும்படி அவற்றைப் பொதுக் கோப்பில் போட்டுவையுங்கள். மாற்றலாகிப் போகிறவரின் மெயில் பெட்டியில் விட்டால் அவரோடேயே போய்விடும்.