கலங்கரை விளக்கமும் பிளாஸ்டிக் அலைகளும்: ஒரு லெகோ படத்தின் நாட்குறிப்பு

ஜூன் 2

இரவுக் கடல், பாறைமேல் கலங்கரை விளக்கம், சுழலும் வெளிச்சம், மேல்மாடத்தில் நடக்கும் காவலாளி. இவ்வளவுதான் காட்சி. 20 விநாடி ஓடும் ஸ்டாப் மோஷன்: லெகோ கட்டைகளைக் கொஞ்சம் நகர்த்தி ஒரு படம், மறுபடி நகர்த்தி அடுத்த படம் என எடுத்துத் தொடர்ந்து ஓட்டுவது. விநாடிக்கு 12 படம் வீதம் 240 படம். 24 வீதம் எடுத்தால் அசைவு வழவழப்பாக வரும்தான். ஆனால் கட்டைப் படத்துக்குக் கொஞ்சம் வெட்டி வெட்டி நகர்வதே அழகு.

அடித்தளத்துக்கு பேஸ்பிளேட் என்ற மெல்லிய அகலத் தகடு வேண்டாம். நடுவில் கை பட்டால் வளைந்து ஓரம் எழும்பும். ஓடவிட்டுப் பார்க்கும்போது தரையே மூச்சு விடுவதுபோல் தெரியும். 18 மி.மீ. பிளைவுட் மேல் சாதாரண பிளேட்டுகளை (தட்டையான கட்டைகள்) இருபக்க டேப்பால் ஒட்டி, பலகையை மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கியாயிற்று. முக்காலியின் கால்களுக்கும் தரையோடு டேப்.

ஜூன் 5

கோபுரம். வெளிப்புறத்தில் குமிழ் (கட்டைகளை ஒன்றோடொன்று பிடிக்கும் மேடு) எதுவும் தெரியக்கூடாது என்பதால் பக்கவாட்டுக் குமிழ் உள்ள பிரிக்குகளால் (முழு உயரக் கட்டைகள்) உள்கூடு கட்டி, அதன் நான்கு பக்கமும் சுவர்களைப் படுக்கை வசத்தில் செருக வேண்டும். இங்கே கணக்கு தப்பினால் உச்சியில் இடைவெளி விழும். பிரிக்கின் உயரம் 9.6 மி.மீ., குமிழுக்குக் குமிழ் 8 மி.மீ. ஆகவே 5 பிரிக் உயரமும் 6 குமிழ் நீளமும் சரியாக 48 மி.மீ. கூட்டின் உயரத்தை ஐந்தின் மடங்காக வைத்தால் போதும். 25 பிரிக், அதாவது 24 செ.மீ. மனித உருவம் ஏறக்குறைய 4 செ.மீ. என்பதால் ஆறு ஆள் உயரம். நிஜக் கோபுரத்தோடு ஒப்பிட்டால் குட்டைதான். கேமராவைக் கடல்மட்டத்துக்கு இறக்கிவிட்டால் அந்தக் குறை மறையும்.

ஜூன் 9

கடல்தான் இந்தப் படத்தின் உயிர். ஒளி ஊடுருவும் நீலத் துண்டுகளைக் கொட்டிப் பரப்பினால் புகைப்படத்துக்கு அழகாக இருக்கும், அசைக்க முடியாது. அசையும் கடலைப் பட்டைபட்டையாகக் கட்ட வேண்டும்.

மொத்தம் 5 பட்டை, ஒவ்வொன்றும் 2 குமிழ் அகலம். ஓர் அலையின் நீளம் 12 குமிழ்: முன்சரிவு 2, முகடு 2, பின்சரிவு 6, பள்ளம் 2. முன்சரிவு செங்குத்தாக இருந்தால்தான் அலை எந்தப் பக்கம் போகிறது என்று கண்ணுக்குப் புரியும். கேமராவில் தெரிவது 48 குமிழ். பட்டையின் நீளம் 60. அடுத்தடுத்த பட்டைகளில் அலையை 5 குமிழ் தள்ளித் தொடங்கலாம். 6 வைத்தால் முகடும் பள்ளமும் சதுரங்கப் பலகைபோல் மாறி மாறி நின்றுவிடும்.

பட்டைகள் டைல் (குமிழ் இல்லாத வழவழப்புத் துண்டு) பரப்பிய தரையில் வழுக்கி நகரும். 2 குமிழ் அகலத் துண்டின் உண்மையான அகலம் 15.8 மி.மீ.; 16 மி.மீ. தடத்தில் அந்த 0.2 மி.மீ. தளர்வு போதும். பட்டைகளை ஒட்டி வைத்தால் ஒன்றை இழுக்கும்போது பக்கத்துப் பட்டையும் கூடவே வரும். இடையிடையே 1 குமிழ் அகலத்தில் அசையாத வரப்பு தேவை.

ஒவ்வொரு முறையும் சரியாக 8 மி.மீ. நகர்த்த ஸ்கேல் வேண்டாம். ஒவ்வொரு தடத்திலும் கேமராவுக்குத் தெரியாத முனையில் 1×2 பிரிக்குகளைக் குறுக்கே வரிசையாகப் பொருத்தி, பட்டையை அதில் முட்ட வைக்கலாம். ஒரு பிரிக்கைக் கழற்றி, மறுபடி முட்டும்வரை தள்ளினால் ஒரு குமிழ் நகர்ந்திருக்கும். எல்லாம் கழன்றதும் பட்டையைப் பின்னே இழுத்து, பிரிக்குகளைத் திரும்பப் பொருத்தினால் அடுத்த சுற்று. தடத்துக்கு 11 பிரிக் வைக்க வேண்டும், 12 அல்ல. பன்னிரண்டாவது நகர்வு முதல் நிலையைப் போலவே இருப்பதால், 12 வைத்தால் ஒரே கடல் இருமுறை பதிவாகி, அலை ஒவ்வொரு சுற்றிலும் ஒரு நொடிக்கூறு திக்கி நிற்கும்.

ஜூன் 10

சோதனை. ஒவ்வொரு படத்துக்கும் நகர்த்தினால் விநாடிக்கு ஓர் அலை கடக்கிறது. குளியல் தொட்டி வேகம். இரண்டு படத்துக்கு ஒருமுறை நகர்த்தினால் 24 படத்தில் ஒரு சுற்று. இதுவே சரி.

ஜூன் 14

விளக்கு. டெக்னிக் என்ற லெகோ இயந்திரப் பாக வரிசையின் 60 பல் சுழல்மேடையை வார்ம் கியர் (திருகுபோன்ற பல்சக்கரம்) ஓட்டுகிறது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றினால் ஒரு பல், அதாவது 6 பாகை. வார்ம் கியரில் பெரிய வசதி, தவறிக் கை பட்டாலும் மேடை தானாகத் திரும்பாது. பற்களுக்கிடையே கொஞ்சம் தளர்வு இருப்பதால் எப்போதும் ஒரே திசையில்தான் சுற்ற வேண்டும். கூடுதலாகச் சுற்றிவிட்டால் நன்றாகப் பின்னே போய், மறுபடி முன்னே வந்து நிறுத்துவது நல்லது.

எல்இடியைச் சுழலவிட்டால் ஒயர் முறுக்கும். அது சுழல்மேடையின் நடுத் துளை வழியே மேலேறி அசையாமல் நிற்கட்டும். ஒரு பக்கம் திறந்த கறுப்பு மூடி மட்டும் சுற்றினால் போதும். பட்டன் செல் கூடாது, நேரம் ஆக ஆக ஒளி மங்கும். அடாப்டர்தான்.

படத்துக்கு 15 பாகை வைத்தால் விளக்கும் 24 படத்தில் ஒரு சுற்று முடித்து, கடலோடு சேர்ந்து இயந்திரம்போல் ஓடும். 12 பாகை, அதாவது கைப்பிடிக்கு இரண்டு சுற்று வைத்தால் விளக்குக்கு 30 படம், கடலுக்கு 24. இரண்டும் 120 படத்துக்கு ஒருமுறைதான் பழைய நிலையில் சந்திக்கும். 10 விநாடிக்குள் ஒரே காட்சி திரும்ப வராது. காவலாளி இல்லாத காட்சியாக இருந்தால் 120 படமே எடுத்து இருமுறை ஓட்டிவிடலாம்.

ஜூன் 17

கேமராவில் தானியங்கி எதுவும் இருக்கக்கூடாது: ஐஎஸ்ஓ (ஒளியுணர்வு) 100, லென்ஸின் துளை எஃப்/8, ஷட்டர் அரை விநாடி, வெள்ளைச் சமநிலை நிலையாக, ஃபோகஸ் வளையத்தில் டேப். நீண்ட ஷட்டர், மின்விளக்கின் துடிப்பையும் சமன்செய்துவிடும். அப்படியும் படத்துக்குப் படம் வெளிச்சம் மினுக்கினால் லென்ஸின் துளை ஒவ்வொரு முறையும் மயிரிழை வேறுபட்டு மூடுகிறது என்று பொருள். துளையைக் கையால் திருகும் பழைய லென்ஸ்தான் அதற்கு மருந்து.

லெகோ கட்டைகளின் ஏபிஎஸ் பிளாஸ்டிக் பளபளப்பில் எதிரே நிற்பவரின் சட்டை நிறம்கூட விழும். கறுப்பு உடை, ஒவ்வொரு படத்துக்கும் ஒரே இடத்தில் நிற்பது, ஜன்னலுக்குத் தடித்த திரை. தூசிக்கு மென்மையான பிரஷ் போதும். துணியால் தேய்த்தால் நிலைமின் ஏறி இன்னும் தூசி ஒட்டும்.

ஜூன் 21

காவலாளி. முழங்கால் இல்லாத கால்கள். ஓர் எட்டு எடுத்து வைக்க 6 படம், படத்துக்கு 2 மி.மீ.; புறப்படும்போதும் நிற்கும்போதும் 1 மி.மீ. கால்கள் விரியும்போது இடுப்பு தாழ வேண்டும். உயரத்தை மாற்றாமல் விட்டால் ஆள் மிதப்பார். விரிந்த காலைக் குமிழ் பிடிக்காது என்பதால் மாடத்துத் தரைக்கு டைல், குதிகாலுக்கு அடியில் துளி ஒட்டுமாவு. கைப்பிடிச் சுவர் அதை மறைக்கும். தொடை மூட்டு தளர்ந்த பழைய உருவம் இதற்கு ஆகாது.

ஜூன் 24

படப்பிடிப்பு வரிசை: பட்டைகள், விளக்கின் கைப்பிடி, கடைசியாக ஆள். கடல் நகராத படத்தில் பட்டைகளைத் தொடவே கூடாது. ஷட்டரை ரிமோட்டில் அழுத்தி, டிராகன்ஃபிரேம் என்ற ஸ்டாப் மோஷன் மென்பொருளில் முந்தைய படத்தை மேலே படியவைத்துப் பார்த்தால் தவறி அசைந்த துண்டு உடனே இரட்டைக் கோடாகத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் துண்டை மட்டும் சரிசெய்து அதே படத்தைத் திரும்ப எடுக்க வேண்டும். கேமரா அசைந்திருந்தால் வேறு கதை: அசையாத கோபுரத்தின் இரு முனைகளை அடையாளமாகக் கொண்டு பழைய இடத்துக்குக் கொண்டுவரப் பார்க்கலாம், இரண்டும் ஒன்றுசேரப் பொருந்தாவிட்டால் காட்சியை முதல் படத்திலிருந்து எடுப்பதே மலிவு.