எகிறுவதும் ஓங்குவதும்: அசால்ட் என்ற சொல்லைப் பற்றி

தண்ணீர் நிரம்பி வழிந்தது கூடத் தெரியாமல் மோட்டாரை ஓடவிட்டவனைப் பற்றி, "அசால்ட்டா உக்காந்திருக்கறான் பாருங்க" என்று கோபிசெட்டிபாளையம் பக்கத்தில் பேசிக்கொள்வது வழக்கம். அலட்சியம், அநாயாசம் என்ற இரண்டு பொருளிலும் நாம் புழங்கும் இந்த அசால்ட்டுக்கு ஆங்கிலத்தில் அப்படி ஒரு பொருளே கிடையாது; அங்கே அது தாக்குதல். நம்முடைய பழைய 'அசட்டை'யின் சாயல் அதன்மீது படிந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். அது நிற்க, ஆங்கிலச் சொல்லின் கதை இதைவிடச் சுவையானது.

அசால்ட் என்பதன் வேர், குதித்தல் என்று பொருள்படும் 'சலீரே' என்ற லத்தீன் வினை. அதன் முன்னே, ஒன்றை நோக்கி என்று பொருள் தரும் முன்னொட்டுச் சேர, ஒருவர்மீது பாய்தல் என்ற பொருள் பிறந்தது. அது பழைய பிரெஞ்சில் தேய்ந்து, இடைக்காலத்தில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது அதில் 'ல்' என்ற ஒலிக்கான எழுத்தே இல்லை. லத்தீன் மூலத்தைத் தேடிப் பிடித்த 16-ஆம் நூற்றாண்டுப் படிப்பாளிகள்தாம் அந்த எழுத்தை மீண்டும் செருகினார்கள். ஒலியை மட்டும் வைத்து உப்பைக் குறிக்கும் 'சால்ட்'டோடு இதை முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. அந்த இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

உண்மையான உறவினர்கள் வேறு இடத்தில் இருக்கிறார்கள். குட்டிக்கரணத்தைச் சொல்லும் சாமர்சால்ட், துள்ளித் திரும்புதல் என்ற பொருளிலிருந்து விளைவு என்றாகிய ரிசல்ட், மகிழ்ச்சியில் துள்ளுவதாகிய எக்சல்ட் ஆகிய எல்லாம் அந்த ஒரே குதிப்பின் பிள்ளைகள். அவமதிப்பைக் குறிக்கும் இன்சல்ட்டும் அப்படியே. லத்தீனில் அது ஒருவர்மேல் குதித்தல், அதாவது எகத்தாளமாக நடத்துதல். நம் ஊர்க்காரருக்கு இதை விளக்கவே தேவையில்லை. எகிறுதல் என்றால் நமக்குக் குதித்தல். ஆனால் "எங்கிட்டயே எகிறிக்கிட்டு வந்தானுங்க" என்று ஒருவர் முறையிட்டால், அவர் கால்களைப் பற்றிப் பேசவில்லை என்பது கேட்பவர் எல்லோருக்கும் தெரியும். மரியாதை மீறியதும், அடிக்கப் பாய்ந்ததும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடுகின்றன. லத்தீன்காரர் இரண்டு சொற்களுக்குப் பிரித்துக் கொடுத்ததை நாம் ஒன்றிலேயே வைத்திருக்கிறோம். "ரொம்பத் துள்ளாதே" என்பதும் அதே குடும்பம்தான்.

இந்தப் பாய்ச்சல், சட்டத்தில் இன்னும் உயிரோடிருக்கிறது. செய்தித்தாள்கள் எல்லாவற்றையும் 'தாக்குதல்' என்று எழுதிவிடுவதால், அடி விழுந்தால்தான் அசால்ட் என்று பலர் நினைக்கிறார்கள். 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம் 351-ஆம் பிரிவில் சொன்னதும், அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா 130-ஆம் பிரிவில் சொல்வதும் வேறு: எதிரே இருப்பவர், தம்மீது இப்போதே வன்முறை பாயப்போகிறது என்று அஞ்சும்படி ஒரு சைகையையோ ஆயத்தத்தையோ வேண்டுமென்றோ, அப்படி அஞ்சக்கூடும் என்று தெரிந்தோ செய்வதுதான் அந்தக் குற்றம். முஷ்டியை மடக்கி ஆட்டுவது, தடியைக் கையில் எடுத்து "உன்னை அடிப்பேன்" என்பது, கடிநாயின் வாய்ப்பூட்டை அவிழ்க்கத் தொடங்குவது ஆகியவை சட்டமே தரும் எடுத்துக்காட்டுகள். தோட்டத்துச் சாளையில் (தோட்ட வீட்டில்) நாய் வளர்ப்பவர்கள் கடைசி எடுத்துக்காட்டைச் சற்று நிதானமாகப் படிக்கலாம்.

வெறும் சொல் மட்டும் அசால்ட் ஆகாது என்றும், ஆனால் கையசைவுக்கு அந்தப் பொருளைச் சொல் கொடுக்கக்கூடும் என்றும் அதே பிரிவின் விளக்கம் கூறுகிறது. சொல் அந்தப் பொருளை எடுத்துவிடவும் கூடும் என்பதற்கு இங்கிலாந்தில் 1669-ஆம் ஆண்டு வழக்கு ஒன்று உண்டு. வாள்பிடியில் கை வைத்தபடி ஒருவர், நீதிபதிகள் ஊருக்கு வந்திருக்கும் காலம் இதுவாக இல்லாவிட்டால் உன் பேச்சைப் பொறுத்துக்கொண்டிருக்க மாட்டேன் என்றார். இப்போது அடிக்கப்போவதில்லை என்பதையே அவர் சொல் காட்டுவதால் அது அசால்ட் அல்ல என்று தீர்ப்பானது.

கொங்கு நாட்டுப் பேச்சில் இதற்குப் பொருந்தும் தொடர், கை ஓங்குதல். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் முறைத் தண்ணீருக்காக மடையில் தகராறு வந்து, ஒருவர் மம்முட்டியை (மண்வெட்டியை) ஓங்கியதோடு நின்றுவிட்டால், கேட்பவர் "அடிச்சானா, ஓங்குனானா" என்றுதான் முதலில் விசாரிப்பார். சட்டமும் அதைத்தான் விசாரிக்கிறது. ஓங்கியதோடு நின்றால் நியாய சன்ஹிதாவின் 131-ஆம் பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கை இறங்கிக் காயமோ வலியோ ஏற்பட்டுவிட்டால் விஷயம் 115-ஆம் பிரிவுக்குப் போய், ஓராண்டு வரை சிறையும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமும் ஆகலாம். இறங்கியது கையாக இல்லாமல் மம்முட்டியாக இருந்தால், ஆபத்தான ஆயுதத்தால் காயப்படுத்துவதற்கான 118-ஆம் பிரிவு காத்திருக்கிறது.