சேர்வராயன் மலையும் நெட் தேர்வின் ‘சி’ பகுதியும்

சேலத்தில் விலங்கியல், தாவரவியல் எம்.எஸ்சி. படித்துக்கொண்டு பரிணாம உயிரியலில் பிஎச்.டி. போக நினைப்பவர்களுக்கு முதல் வாசல் ஆராய்ச்சி உதவித்தொகைக்கான தேசியத் தகுதித் தேர்வான சி.எஸ்.ஐ.ஆர். நெட், அதில் லைஃப் சயின்சஸ் தாள். கேட் தேர்விலும் சூழலியல், பரிணாமத்துக்கென்றே தனித்தாள் உண்டு. அதையும் எழுதி வைப்பது நல்லது.

நெட்டில் மொத்தம் 200 மதிப்பெண், 3 மணி நேரம். அதில் பாதி ‘சி’ பகுதி: 75 கேள்விகளில் 25-க்கு விடையளித்தால் போதும், ஒன்றுக்கு 4 மதிப்பெண். பலர் 75-ஐயும் வரிசையாக வாசித்தே நேரத்தைத் தொலைக்கிறார்கள். மக்கள்தொகை மரபியல் கணக்கு (ஓர் உயிரினக் கூட்டத்தில் மரபணு வடிவங்களின் விகிதத்தைக் கணக்கிடுவது) தெரிந்தவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். மனப்பாடக் கேள்விகளில் தடுமாற்றம் வரும், கணக்கில் விடை வந்துவிட்டால் சந்தேகமே இல்லை.

ஒரு மாதிரி. ஒரு மரபணுவுக்கு A, a என இரு வடிவங்கள் (அல்லீல்கள்); 100 உயிரிகளில் AA 30, Aa 40, aa 30. ஒவ்வொரு அல்லீலின் அலைவெண்ணும், அதாவது விகிதமும், 0.5. இணை சேர்வது தற்செயலாக நடந்தால் வரும் ஹார்டி-வெயின்பர்க் சமநிலைப்படி 25, 50, 25 இருக்க வேண்டும். எதிர்பார்த்ததிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் கை-ஸ்கொயர் 1+2+1 = 4. மூன்று வகுப்பு இருப்பதால் கட்டின்மை அளவு (degrees of freedom) 2 என்று எடுத்தால், தாண்ட வேண்டிய எல்லை 5.99, ‘சமநிலையில் உள்ளது’ என்று தவறான விடை வரும். அலைவெண்ணை இதே தரவிலிருந்து எடுத்ததால் இன்னும் ஒன்று குறையும். 1-க்கு எல்லை 3.84, சமநிலை இல்லை. கேள்வி எடுப்பவர்களுக்குப் பிடித்த பொறி இதுதான்.

Aa ஏன் குறைந்தது? உள்ளினச்சேர்க்கை, அதாவது நெருங்கிய உறவுகளுக்குள்ளேயே இணை சேர்வது, ஒரு காரணம். இன்னொன்று வாலுண்ட் விளைவு: தனித்தனியாகப் பெருகும் இரு கூட்டங்களை ஒன்றாகக் கலந்து எண்ணிவிடுவது. சேர்வராயன் மலையின் ஏற்காட்டிலும், தனியே நிற்கும் கொல்லிமலையிலும் பிடித்த பல்லிகளை ஒரே அட்டவணையில் போட்டால் இது வர வாய்ப்புண்டு, நடுவில் கிடப்பது வெயில் காயும் சமவெளி. சேர்வராயனுக்கே உரிய கேடயவால் பாம்பு யூரோபெல்டிஸ் ஷார்ட்டியை ஆங்கிலேய இயற்கையியலாளர் பெட்டோம் 1863-இல் விவரித்தார். பின்னர் வேறொரு இனத்தோடு சேர்க்கப்பட்டு, 2014-இல்தான் மீண்டும் தனி இனமானது. மண்ணுக்குள் வாழும் பாம்பு மலை விட்டு மலை தாவாது.

தேர்வு தாண்டி ஆய்வுக்குப் போனால், களத்தில் மாதிரி எடுக்கும்போது சொதப்புவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். டி.என்.ஏ.வுக்கான திசுவை ஃபார்மலினில் போடாதீர்கள், இழைகள் சிதைந்துவிடும். 95 சதவீத எத்தனால், திசுவைப்போல் பத்து மடங்கு. மறுநாள் ஒருமுறை மாற்றுங்கள், திசுவிலிருந்து கசியும் நீர் எத்தனாலை நீர்க்கச் செய்திருக்கும். மாதிரியின் பெயர்ச்சீட்டைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள் போடுங்கள். பால்பாயின்ட் மை எத்தனாலில் கரைந்து, ஏற்காட்டு மாதிரி எது, கொல்லிமலை மாதிரி எது என்பதே தெரியாமல் போகும்.

நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. கைடு தேடும்போது ஆய்வகத்தின் புகழைவிட முதலில் கேட்க வேண்டியது, வனத்துறை அனுமதி கையில் இருக்கிறதா என்பதை. மனு போட்டுப் பல மாதம் ஆகலாம். கேடயவால் பாம்புகள் மழைக்காலத்தில்தான் அதிகம் வெளியே வரும். அனுமதி டிசம்பரில் வந்தால் அந்த வருடத் தரவு போச்சு.