யார் நம்பர் கொடுத்தீங்க, ஆயா?

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நான் போட்டோஸ்டேட் கடை வைத்துப் பத்தொன்பது வருடம் ஆகிறது. கடைக் கண்ணாடி முழுக்கத் தாள்தான். கோயில் நோட்டீஸ், பள்ளிக்கூட நோட்டீஸ், வாடகைக்கு வீடு, பிள்ளைகளுக்கு டியூஷன், காணாமல் போன பூனை. உள்ளே வெளிச்சமே வருவதில்லை என்று என் வீட்டுக்காரர் அலுத்துக்கொள்வார். இந்த வாரம், 2025 டிசம்பரில், அதில் பாதியைக் கிழித்துவிட்டு, கறுப்பு மார்க்கரில் கொட்டை எழுத்தில் ஒரு தாள் ஒட்டினேன்: "நூறு வெள்ளி – டிசம்பர் 31 கடைசி நாள். அதற்கப்புறம் மீதி நிற்காது."

எதைப் பற்றி என்று ஊரில் பாதிப் பேருக்குத் தெரியும். இதை எழுதுவது மற்றப் பாதிக்காக. இல்லை, மற்றப் பாதி இதைப் படிக்கப்போவதில்லை. அவர்களுடைய மகனோ மருமகளோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ உட்கார்ந்து படிப்பீர்கள். உங்களுக்காகத்தான்.

2025 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, சுதந்திர தினத்தன்று, 18 வயது நிரம்பிய மலேசியக் குடிமக்கள் எல்லாருடைய மைகார்டிலும், அதாவது அடையாள அட்டையிலும், அரசாங்கம் நூறு வெள்ளி (ரிங்கிட்) போட்டது. அடிப்படைச் சாமான் வாங்கக் கொடுக்கும் உதவி, சாரா என்று சொல்கிறோமே, அதுதான். சுமார் 2 கோடியே 20 லட்சம் பேருக்கு. பாரம் கிடையாது, பதிவு கிடையாது. அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு, இந்தத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடைக்குப் போய் அரிசி, முட்டை, எண்ணெய், ரொட்டி, சோப்பு, மருந்து, நோட்டுப் புத்தகம் என்று 14 வகைச் சாமான்களில் வேண்டியதை எடுக்கலாம். ஒரே தடவையில் எடுக்க வேண்டும் என்றும் இல்லை. இன்றைக்கு இருபது வெள்ளிக்கு இங்கே, நாளைக்கு முப்பது வெள்ளிக்கு வேறு கடையில், அதுவும் சரிதான்.

இவ்வளவு சுலபமான ஒன்றை எப்படித் தவறவிட முடியும் என்றுதான் நானும் நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமை லிந்தாங் சாலைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் ஆயா வந்தார். எண்பதைத் தொடும் வயது. கைக்குட்டையை அவிழ்த்து அடையாள அட்டையை நீட்டினார்.

"இதுல ஒரு அஞ்சு எடுத்து வை, மக."

"எதுக்கு ஆயா?"

"எதுக்காச்சும் கேப்பாங்க."

தோட்டத்துக்காரர்களின் பழக்கம் இது. எங்கே போனாலும் ஏதாவது ஒரு தாள் குறைகிறது என்று திருப்பி அனுப்பியே பழக்கப்பட்டவர்கள், காரணம் இல்லாமலேயே கையில் நகல் வைத்திருப்பார்கள். என் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது, குறை சொல்லக்கூடாது. அவரிடம் கேட்டுக்கொண்டு அந்த அட்டை எண்ணை இணையத்தில் போட்டு மீதி பார்த்தேன். நூறு வெள்ளி, ஒரு காசு குறையாமல் அப்படியே இருந்தது. மூன்றரை மாதமாக.

விசாரித்தால், யாரோ "கவர்மெண்டு நூறு வெள்ளி போட்டிருக்கு" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆயா பேங்குக்குப் போய் புத்தகத்தை நீட்டியிருக்கிறார். ஒன்றும் ஏறவில்லை. "சும்மா சொல்றானுங்க" என்று திரும்பி வந்துவிட்டார். காசு பேங்கில் இல்லை, கைக்குட்டைக்குள் முடிந்து வைத்திருந்த அட்டையிலேயே இருந்தது என்று அவருக்கு யார் சொல்வது?

கடையைப் பூட்டிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு இரண்டு வாசல் தள்ளியிருக்கும் மளிகைக்கடைக்குப் போனேன். அங்கே இருக்கும் கடை முதலாளி, தவுக்கே, என்னைவிட நன்றாகத் தோட்டத்துத் தமிழ் பேசுவார். ஆயா முதலில் எதையும் தொடவில்லை. அப்புறம் அரிசி, பாக்கெட் எண்ணெய், முட்டை, பிஸ்கட், துணி சோப்பு. ஒவ்வொன்றையும் எடுத்து விலை கேட்டு, திருப்பி வைத்து, மறுபடி எடுத்தார். கடைசியில் வெற்றிலை பாக்கைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஆயா, வெத்தலைக்குக் கவர்மெண்டு காசு குடுக்காது" என்றார் தவுக்கே.

"ஏன், நான் குடிமகதானே?" என்று ஆயா கேட்டாரே பார்க்கலாம். வரிசையில் நின்ற எல்லாரும் சிரித்தோம்.

61 வெள்ளி 30 காசு ஆனது. மீதி 38 வெள்ளி 70 காசு. அதையும் முடித்துவிடலாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "இருக்கட்டும், பொங்கலுக்கு எடுத்துக்கிறேன்" என்கிறார். பொங்கல் ஜனவரி 15. காசு டிசம்பர் 31-ஆம் தேதியோடு போய்விடும் என்றால், "சேத்து வச்ச காச யாரு மக எடுப்பா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

சரி, சாரா போகட்டும். அன்றைக்கே வேறொன்றும் தெரிய வந்தது. ஆயாவுக்கு எஸ்.டி.ஆர்., அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவித்தொகை, முன்பு வந்துகொண்டிருந்தது, பிறகு நின்றுவிட்டது. ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. "யார் நம்பர் கொடுத்தீங்க, ஆயா?" என்றேன். பேரன் நம்பர். பேரன் ஜொகூருக்கு வேலைக்குப் போய் நம்பரை மாற்றி இரண்டு வருடம் ஆகிறதாம். வங்கிக் கணக்கும் தொடாமல் கிடந்து முடங்கிவிட்டது. அதைப் பற்றி ஏதாவது குறுஞ்செய்தி வந்திருந்தால், அது இன்னேரம் முகம் தெரியாத யாருடைய போனிலோ கிடக்கும்.

என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேரின் கதை இதுதான். பாரத்தில் கைபேசி எண் என்று ஒரு கட்டம் வந்தவுடன் பெரியவர்கள் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்ப்பார்கள். பிள்ளை தன் நம்பரைச் சொல்லும். பிறகு அந்தப் பிள்ளை போனைத் தொலைக்கும், லைனை மாற்றும், சிங்கப்பூர் போகும். அத்தோடு கிழவிக்கும் அரசாங்கத்துக்கும் இருந்த கம்பி அறுந்துவிடும்.

நாங்கள் தோட்டத்தில் இருந்த காலத்தில் எல்லாருக்கும் ஒரே விலாசம்தான்: தோட்ட ஆபீஸ். கடிதம் வந்தால் ஆபீஸ் எழுத்தர், கிராணி என்போம், பெயரைக் கூப்பிடுவார். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தும் காட்டுவார். அதற்குள் விஷயம் தொழிலாளர் வரிசை வீடுகளான எட்டு லயத்துக்கும் தெரிந்திருக்கும் என்பது வேறு. அந்த நாள் பொற்காலம் என்று சொல்ல மாட்டேன். கிராணிக்குப் பிடிக்காதவன் கடிதம் மேசை இழுப்பிலேயே கிடந்த கதையெல்லாம் உண்டு. ஆனால் ஆள் எங்கே இருக்கிறான் என்று தெரியும். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் நம் ஊர்க்காரர். தொழிலாளர்கள் காசு சேர்த்துத் தோட்டம் வாங்குவதற்காக 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அவர் தொடங்கியபோது, ரப்பர் மரத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்த என் அப்பாவும் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி ஒரு பங்கு வாங்கினார். அந்தப் புத்தகம் பிஸ்கட் டின்னுக்குள் இன்னமும் என் வீட்டில் இருக்கிறது. தோட்டம் தோட்டமாகப் போய், லயத்து வாசலில் உட்கார்ந்து விளக்கிச் சொன்னதால்தான் படிக்காத மனிதர் காசைக் கொடுத்தார். தாளில் அச்சடித்து அனுப்பியிருந்தால் அப்பா அதில் கருவாடு மடித்திருப்பார்.

ஆகவே உங்களிடம் கேட்பது ஒன்றுதான். இன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போன் போடும்போது, "சாப்பிட்டீங்களா" என்று கேட்ட கையோடு, எஸ்.டி.ஆரில் யார் நம்பர் இருக்கிறது, எந்த பேங்க் கணக்கு இருக்கிறது என்று கேளுங்கள். தெரியாது என்றால் என் கடைக்கு அனுப்புங்கள். பார்த்துச் சொல்வதற்குக் காசு வாங்குவதில்லை. அப்படியே, வாட்ஸ்அப்பில் "இந்த லிங்கை அழுத்தினால் சாரா பணம்" என்று வருவதைத் தொடவேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். விண்ணப்பமே இல்லாத ஒன்றுக்கு லிங்க் எதற்கு?

எஸ்.டி.ஆர். சரியாக இருந்தால் இன்னொன்றும் கூடவே வருகிறது. அது பலருக்குத் தெரியாது. பெக்கா பி40 என்ற திட்டம், 2019-இல் வந்தது. எஸ்.டி.ஆர். வாங்குகிறவரும் அவருடைய கணவரோ மனைவியோ, 40 வயது ஆகியிருந்தால், பதிவு பெற்ற கிளினிக்குகளில் இலவசமாக உடம்பைப் பரிசோதித்துக்கொள்ளலாம். இனிப்புநீர், ரத்தக் கொதிப்பு எல்லாம் பார்ப்பார்கள். புற்றுநோய் சிகிச்சையை முடிக்கிறவர்களுக்கு ஆயிரம் வெள்ளி உதவியும், தீபகற்பத்தில் இருப்பவர்களுக்கு 500 வெள்ளி வரை போக்குவரத்துச் செலவும் உண்டு. எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஓர் அக்கா சிகிச்சைக்காக ஈப்போவுக்கு மாதக்கணக்கில் வாடகைக் காரில் போய் வந்தார். எல்லாம் முடிந்த பிறகுதான் இதைக் கேள்விப்பட்டார். அன்றைக்கு அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

60 வயது ஆகி, வருமானமும் இல்லாமல் பார்த்துக்கொள்ள ஆளும் இல்லாமல் இருப்பவர்களுக்குச் சமூகநல இலாகா கொடுக்கும் மாத உதவித்தொகை 2025-இல் 500-லிருந்து 600 வெள்ளியானது. "பிச்சை எடுக்கவா போகச் சொல்றே?" என்று என்னிடம் சண்டைக்கு வந்த தாத்தா ஒருவர் இருக்கிறார். நாற்பது வருடம் பால் வெட்டிய மனிதர். அவரோடு நான் விவாதம் செய்வதில்லை. பாரத்தை மட்டும் நிரப்பி மேசையில் வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடும் நாளில் போடட்டும்.

இதில் எதுவுமே எட்டாத ஒருவரும் இருக்கிறார். முடிவெட்டும் கடை பெஞ்சில் தினமும் பேப்பர் படிக்கும் அங்கிளைப் பார்த்திருப்பீர்கள். இதே மாவட்டத்துத் தோட்டத்தில் பிறந்தவர், ஆனால் பிறப்பைப் பதியவில்லை. கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, குடியுரிமை இல்லாத நிரந்தரவாசிகளுக்குக் கொடுப்பது. ஆகஸ்டில் எல்லாரும் கடைக்குப் போனபோது, "எனக்கும் உண்டாம்மா?" என்று வந்து கேட்டார். குடிமக்களுக்கு மட்டும்தான் என்று நான்தான் சொல்லவேண்டியிருந்தது. 2018-இல் 60 வயதைத் தாண்டிய சிவப்பு அட்டை இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை கொடுப்பதாக அறிவித்தபோது, அவர் விண்ணப்பமே போட்டிருக்கவில்லை. மலாயில் கேள்வி கேட்பார்கள் என்று பயமாம். பேப்பரை வரி விடாமல் படிக்கிற மனிதர், தமிழ்ப் பேப்பர் மட்டும். ஒருவழியாகப் போன மாதம் சம்மதித்தார். இப்போது அவருடைய அப்பாவின் பழைய தோட்டப் பத்திரங்கள், தோட்டத்துப் பள்ளியில் படித்ததற்கான கடிதம் என்று ஒன்றொன்றாகத் தேடிக்கொண்டிருக்கிறோம். அவரோடு அந்தப் பள்ளியில் படித்த யாராவது இருந்தால் கடைப் பக்கம் வாருங்கள்.

மற்ற ஊர்ச் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேராக்கில் பள்ளி 2026 ஜனவரி 12-ஆம் தேதி திறக்கிறது. பல வருடத்துக்குப் பிறகு மறுபடி ஜனவரியில் பள்ளி. ஒவ்வொரு பிள்ளைக்கும் வரும் 150 வெள்ளி பள்ளித் தொடக்க உதவி காலணிக்கும் பைக்குமே சரியாகிவிடும். அதனால் கடை வாசலில் பெட்டி வைத்திருக்கிறேன். சிறிதாகிப்போன நீலப் பினாபோர், வெள்ளைச் சட்டை, கால்சட்டை எதுவானாலும் துவைத்து, பட்டன் தைத்துக் கொண்டுவந்து போடுங்கள். பட்டன் தைத்து என்பதை அழுத்திச் சொல்கிறேன். போன வருடம் நான் முப்பத்தேழு பட்டன் தைத்தேன்.

வரும் ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கோயில் வளாகத்தில் கோத்தோங் ரோயோங், எல்லாரும் சேர்ந்து செய்யும் துப்புரவு வேலை. போன தடவை பதினொரு பேர் வந்தோம், அதில் ஆறு பேர் நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்துக்கு வந்தவர்கள். இந்தத் தடவை புல் வெட்டி முடித்த பிறகுதான் பொட்டலம் பிரிக்கப்படும். பொங்கல் அன்று திடலில் பொதுப்பொங்கல். பானை அவரவர், விறகு எங்களுடையது. பிப்ரவரி 1 தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போக வேன் பேசியிருக்கிறோம், பெயர் கொடுப்பவர்கள் கடையில் கொடுக்கலாம். நம்பரும் கொடுக்கவேண்டும், சொந்த நம்பர்.

இன்று கடை மூடுவதற்கு முன்னால் ஆயாவின் மீதியை மறுபடி பார்த்தேன். 38 வெள்ளி 70 காசு, அசையவில்லை. சனிக்கிழமை அரை நாள் கடை பூட்டியிருக்கும். மோட்டாரை எடுத்துக்கொண்டு லிந்தாங் சாலைக்குப் போகிறேன்.